நின்று எடுத்த அளவு

மதிய வெயில் கண்ணாடிக் கதவு வழியே நுழைந்து செருப்புக்கடைத் தரையில் பாய் விரித்துக் கிடக்கிறது. அதன் நடுவே கடைக்காரரின் பதினொரு வயது மகள், அம்மாவின் தோள்களைப் பற்றியபடி, பிறந்ததிலிருந்து முதன்முறையாகத் தன் காலில் நிற்கிறாள். இவள் நடப்பாள் என்று கடவுள் தனக்கு வாக்குக் கொடுத்திருப்பதாக ஊரெல்லாம் சொல்லி, ஆண்டுதோறும் அவள் அளவில் ஒரு ஜோடி செருப்பு எடுத்து வைத்தவர் கடைக்காரர். மருத்துவர் உதட்டைப் பிதுக்கிய ஒரு நாளில் அந்த ஜோடியைச் சத்தமில்லாமல் விற்பனை அடுக்கில் வைத்துவிட்டு, மறுநாள் கடை திறந்ததும் ஓடிப்போய் எடுத்தவரும் அவரே. இந்த ஆண்டின் சிவப்புச் செருப்பு இப்போது பாதிக் காலில் முரண்டு பிடிக்கிறது. "வலிக்குதுப்பா," என்கிறாள் மகள். அவர் செருப்பைக் கழற்றி, அளவுப் பலகையைப் பாதத்துக்கு அடியில் தள்ளுகிறார். உடல் பாரம் இறங்கிய பாதம் அகன்று நீண்டு, செருப்பின் அளவைவிட ஓர் எண் தாண்டி நிற்கிறது. இத்தனை வருடமும் அவளை உட்காரவைத்தே அளந்திருக்கிறார்.

"நிக்கிற காலு பெருசாகும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பீங்களே! நம்ம பொண்ணுக்கு மட்டும் உக்காந்த அளவா?" மனைவி குலுங்கிச் சிரிக்கிறாள், தோள்களை மட்டும் அசைக்கவில்லை.

"தப்புதான். கடவுள் சொன்னதை நான் ஒரு சைஸ் கம்மியா நம்பிட்டேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு வாடிக்கையாளர் வருகிறார். கடைக்காரர் எழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறார்: "உக்காருங்க சார். நிக்கிறவங்களை முதல்ல கவனிச்சிடுறேன்."