உடம்புச் சூடு

“தொடாதையும்! கையை எடும்!”

சில்வெஸ்ரர் போட்ட சத்தத்தில் வள்ளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏறுவதற்குக் கைகொடுத்த மீன் வியாபாரி அம்புறோஸ் கையை இழுத்துக்கொண்டார்.

“தண்ணிக்குள்ளை விழப்போறாயெண்டுதான் பிடிச்சனான், தம்பி.”

“நீர் பிடிச்சது காணும். போனமுறை பிடிச்சதிலைதான் என்ரை மனிசி பாயிலை கிடக்கிறாள்.”

அம்புறோஸ் தன் ஐஸ்பெட்டிகளுக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டார். வள்ளம் நெடுந்தீவுக் கரையை விட்டு நகர்ந்தது.

சில்வெஸ்ரர் நெஞ்சோடு அணைத்திருந்தது உள்ளே கண்ணாடிக் கூடு வைத்த ஒரு சுடுதண்ணிப் போத்தல். அதற்குள் இளஞ்சூட்டில் தண்ணீர். தண்ணீருக்குள், வாய் இறுக அடைத்த ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய்.

“என்ன மச்சான், கோப்பியோ?” சுக்கான் பிடித்திருந்த கந்தப்பு கேட்டான்.

“கிறேசம்மான்ரை இரத்தம். பன்ரெண்டு மணிக்குள்ளை யாழ்ப்பாணத்து லாப்பிலை குடுக்கவேணும். பின்னேரம் ஊரடங்கு. சூடு ஆறக்கூடாது. கெதியா விடு!”

“இரத்தத்தைச் சுடுதண்ணியிலையோ? அவியாதோடா?”

எல்லோரும் சிரித்தார்கள். சில்வெஸ்ரர் சிரிக்கவில்லை. புதிதாக வந்த டொக்டர் சொன்னதை மனதுக்குள் மறுபடியும் சொல்லிப் பார்த்தான்.

“இது லூப்பஸா இருக்கலாம். உடம்பு தன்னைத்தானே பகையாளியெண்டு நினைச்சு அடிக்கிற வருத்தம். அதைக் காட்டிக் குடுக்கிற சாமான் இரத்தத்திலை கரைஞ்சு கிடக்கும். குளிர் பட்டால் திரைஞ்சு, உறைஞ்ச இரத்தத்தோடை அடியிலை போயிடும். பிறகு பார்க்கிறவைக்கு ஒண்டும் தெரியாது. உடம்புச் சூட்டிலையே கொண்டு போங்கோ. தெரிஞ்சால்தான் மருந்து துவங்கலாம்.”

இரண்டு மாதத்துக்கு முன் இது தீவில் ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்கு இரத்தம் கொண்டுபோன அம்புறோஸ் அதை ஐஸுக்குள் வைத்துக் கொண்டுபோனார். ‘ஒன்றுமில்லை’ என்று றிப்போட் வந்தது.

ஒன்றுமில்லையென்றால் நடிப்புத்தானே? கன்னத்துச் சிவப்பு வெயில் சுட்டதாம். மூட்டு நோகிறது என்பது வேலைக் கள்ளமாம். ஒருநாள் சில்வெஸ்ரரும் சொன்னான்: “எழும்பிப் போய்த் தண்ணி அள்ளடி.” கிறேசம்மா போனாள். வாளியோடு கிணற்றடியில் விழுந்தாள். அதற்குப் பிறகு எழும்பவில்லை.

டொக்டர் குளிரைப் பற்றிச் சொன்னதிலிருந்து அவனுக்கு அம்புறோஸைக் கண்டால் ஆகாது.

கார்த்திகைக் கடல் பக்கவாட்டில் ஒரு அடி அடித்தது. திரை வள்ளத்துக்கு மேலால் வந்து சில்வெஸ்ரரைத் தலையோடு குளிப்பாட்டியது. கை வழுகியது. போத்தல் பலகையில் மோத, உள்ளே கண்ணாடி நொறுங்கும் சத்தம்.

“ஐயோ!”

திறந்து பார்த்தான். சில்லுகளுக்கிடையில் குழாய் முழுதாக இருந்தது. எடுத்துச் சட்டைக்குள் வைத்தான். சட்டை சொட்டச் சொட்ட ஈரம். உடம்பு வெடவெடத்தது.

“நான் விறைச்சுப் போனன். ஆராவது இதைப் பிடியுங்கோ! காய்ஞ்ச ஆள் ஆராவது!”

“தொத்துற வருத்தமோ என்னவோ…” பக்கத்தில் இருந்த சின்னாச்சி காலை மடக்கிக்கொண்டாள்.

அம்புறோஸ் எழும்பி வந்தார். மழைக்கோட்டுப் போட்டிருந்ததால் அவரில் ஒரு சொட்டு ஈரமில்லை. வந்த கையோடு குழாயைப் பறித்தார்.

“விடும்! திருப்பியும் கெடுக்கப் போறீரோ?” சில்வெஸ்ரர் பாய்ந்து அவரது கழுத்தைப் பிடித்தான்.

“இரடா! எல்லாரையும் கவிழ்க்கப் போறாய்!” கந்தப்பு கத்தினான்.

அம்புறோஸ் கழுத்தை விடுவித்துக்கொள்ளவில்லை. கோட்டைத் திறந்து, குழாயைக் கமக்கட்டுக்குள் வைத்து, கையை இறுக்கினார்.

“நேற்றிலையிருந்து எனக்குக் காய்ச்சல். உன்ரை போத்தலிலும் பார்க்கச் சூடு. இரு.”

குறிகட்டுவான் துறையில் பஸ் புறப்பட நின்றது. பக்கத்தில் மீன் லொறி விடாமல் கோன் அடித்தது.

“அம்புறோஸண்ணை, பெட்டியை இறக்குங்கோ! ஐஸ் கரையுது!”

“இருக்கட்டும்!” ஒரு கையை வீசி, மற்றக் கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு அம்புறோஸ் ஓடினார். பின்னால் சில்வெஸ்ரர். நகரத் தொடங்கிய பஸ்ஸில் இருவரும் தாவி ஏறினார்கள்.

கொண்டக்டர் அப்புத்துரை அம்புறோஸைக் கண்டதும் சிரித்தார்.

“என்னண்ணை, இண்டைக்கும் மீனைக் கைவிட்டாச்சோ?”

“சும்மா இரும், அப்புத்துரை.”

அப்புத்துரை சும்மா இருக்கிற ஆள் இல்லை. சில்வெஸ்ரர் பக்கம் திரும்பினார்.

“தம்பி, ரெண்டு மாசத்துக்கு முந்தி இவர் ஐஸ்பெட்டியோடை ஏறினவர். மீன்பெட்டி பஸ்ஸிலை ஏலாதெண்டு நான் சண்டை. திறந்து காட்டினார். வெறும் ஐஸ். நடுவிலை ஒரு சின்னக் குழாய்! மீன் எங்கையெண்டு கேட்டன். மீன்நாத்தம் ஆரோ ஒரு பிள்ளையின்ரை இரத்தத்திலை பிடிச்சிடுமெண்டு முழுக்கக் கடலிலை கொட்டிப்போட்டாராம்!”

பஸ் முழுக்கச் சிரித்தது. அம்புறோஸ் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டைதீவுச் சந்தி கழிந்து, கடலுக்கு நடுவே போகும் தெருவில் பஸ் ஏறியது. யன்னலுக்குக் கண்ணாடி இல்லை. வாடைக்காற்று நேரே உள்ளே அடித்தது. அம்புறோஸ் கமக்கட்டை இன்னும் இறுக்கினார்.

சில்வெஸ்ரர் எழும்பினான். அவரை உட்பக்கமாக நகர்த்திவிட்டு, ஈரச் சட்டையோடு தான் யன்னலோரம் இருந்தான்.