பேரோடு சொல்லவும்

"பேரைச் சொன்னீங்களா, இல்லையா?"

அதிகாரி இரண்டாம் தடவையாகக் கேட்டார். பளபளவென்று ஷூ. மீன் இறக்குகிற இடத்தின் சேறு ஒட்டாமல் இந்த அறைவரை எப்படி வந்தார் என்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொன்னேன்."

என் வாய்க்கு முன்னால் அவருடைய போன் நீண்டிருந்தது. நான் பேசுவதெல்லாம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். எனக்கு அந்த மாதிரிச் சாமான்களில் நம்பிக்கை கிடையாது. இத்தனை வருடமாக என் வாய்க்கு முன்னால் இருப்பது மைக். அதில் சொன்னது காற்றோடு போய்விடும். அதுதான் அதனிடம் இருக்கும் நல்ல குணம்.

என் வேலை அவ்வளவுதான். வானிலை ஆபீஸிலிருந்து கூப்பிட்டுச் சொல்வார்கள். அதைத் துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். படகுக்காரர்களுக்கு என் பேரே மைக்குதான்.

வாசலில் படகுக்காரன் நெட்டையின் மனைவி நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. புயல் கரை ஏறிப் போன பிறகும் நெட்டையும் அவன் படகும் திரும்பவில்லை.

அதற்கு முந்தின வாரமே ஒரு புயல் வந்தது. வந்தது என்று சொல்வதே தப்பு. வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு வராமலே போன மாப்பிள்ளை மாதிரி வேறு பக்கம் போய்விட்டது. நான் தொண்டை கிழியக் கத்தியதுதான் மிச்சம். துறைமுகமே சிரித்தது.

"என்ன மைக்கு, உன் புயலு வழி தெரியாம நிக்குதா? போய்க் கூட்டிட்டு வரவா?" என்று கேட்டவன் நெட்டைதான்.

அதன் பின்னாலேயே இன்னொன்று கிளம்பியது. இந்தத் தடவை ஆபீஸில் கண்டிப்பாகச் சொன்னார்கள். இது வேறு புயல், பெரியது, ஜனங்கள் பழசென்று நினைத்துவிடக்கூடாது, பேரோடு சொல்லவும்.

அந்தப் பேர் என் பேத்தியின் பேர்.

ஒவ்வொரு நாடாக முறை வைத்துப் புயலுக்குப் பேர் கொடுப்பார்களாம். இது கடலுக்கு அந்தப் பக்கத்து ஆள் எவனோ கொடுத்தது. அவன் மொழியில் விடிவெள்ளி என்று அர்த்தமாம். வந்ததும் வராததுமாக அதிகாரி எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

எனக்கா தெரியாது? கப்பலில் வேலை பார்க்கும் என் மகன், பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே துறைமுகம் துறைமுகமாகப் பொறுக்கிக்கொண்டு வந்த பேர் அது. ஓர் ஊரில் விடிவெள்ளி. இன்னோர் ஊரில் அதையே கொஞ்சம் இழுத்துச் சொல்வார்கள், அங்கே அது பழைய ராணி ஒருத்தியின் பேர். பனி கொட்டுகிற ஊரில் ஆடு மேய்க்கிற பெண்ணுக்கும் அதுதான். நம் மொழியில் அதற்கு ஓர் அர்த்தமும் இல்லை. கூப்பிட வாய்க்கு நன்றாக இருக்கும்.

"எந்தத் துறைமுகத்துல எறங்கி இந்தப் பேரைக் கூப்பிட்டாலும் ஒரு பொண்ணு திரும்பிப் பாக்கும்ப்பா" என்றான்.

புயலும் திரும்பிப் பார்க்கும் என்று யார் கண்டது?

ரேடியோவில் பேர் வந்த அன்றே பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். இவள் பக்கத்தில் போனால் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்வார்களாம். "அவ வலுவாயிட்டா, ஓடுங்கடா" என்பார்களாம். சாயங்காலம் புத்தகப்பையோடு நேராக இந்த அறைக்கு வந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"நீங்களும் சொல்லாதீங்க தாத்தா."

நான் சொல்லவில்லை.

புயல் வருகிறது, கடலுக்குப் போகாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். காற்று என்ன பேரைக் கேட்டுவிட்டா அடிக்கப்போகிறது என்று நினைத்தேன். ரேடியோ கேட்கிற பழக்கமெல்லாம் நெட்டைக்குக் கிடையாது; கிழவன் போன வாரத்துப் பாட்டையே பாடுகிறான் என்று படகுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனான்.

"பேரைச் சொல்லவே இல்லைன்னு அந்தம்மா சொல்றாங்க" என்று அதிகாரி வாசலைக் காட்டினார். "நீங்க சொன்னதைக் கேட்டவங்க யாராவது இருக்காங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள், மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பேத்தி எழுந்து வந்தாள்.

"தாத்தா சொன்னாரு. நான் கேட்டேன்."

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பொய் சொன்னால் காது சிவந்துபோகிற பிள்ளை. காதுகூடச் சிவக்கவில்லை.

'இல்லை' என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றியதை அவிழ்த்து மறுபடியும் சுற்றினேன்.

அதிகாரிக்கு முகம் தெளிந்துவிட்டது. சீக்கிரம் ஊர் போய்ச் சேரலாம். குனிந்து, போனை அவள் வாய்க்கு முன்னால் பிடித்தார்.

"வெரி குட். முதல்ல உன் பேரைச் சொல்லு பாப்பா. அப்புறம் கேட்டதைச் சொல்லு."

பேத்தி என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு பேர் சொன்னாள்.

நல்ல பேர்தான். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பேர் கிடையாது.

வாசலில் நெட்டையின் மனைவி தலையைத் தூக்கினாள். மகன் நடுக்கடலில் இருந்தபோது, பிறந்த பிள்ளையைத் துணியோடு கையில் வாங்கி, அவன் சொல்லிவிட்டுப் போயிருந்த பேரைச் சொல்லி முதலில் கூப்பிட்டவள் அவள்தான்.

இப்போதும் அதே பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதட்டவில்லை. சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டாள்.

பேத்தி திரும்பிப் பார்த்தாள்.