ரேணுகாம்பாள் கழற்றாதது

தறிச்சட்டம் செய்யும் பட்டறையில், மோட்டார் ரம்பத்தின் சுவிட்சை ரேணுகாம்பாள் தொடப் போனாள்.

“இரும்மா. முந்தானைய இழுத்துச் சொருகு. வளையலக் கழட்டு,” என்றார் கோதண்டபாணி.

கழற்றினாள்.

“தாலியையும்.”

“அது மட்டும் மாட்டேன். ரவிக்கைக்குள்ள போட்டுக்கறேன்.”

“குனிஞ்சா வெளியே வந்து தொங்கும். ரம்பம் இழுத்துக்கினா கழுத்து போயிடும்.”

“புருஷன் இருக்கும்போது கழட்டுனா ஊரு இன்னா சொல்லும்?”

“ஊரா வந்து மரம் அறுத்துத் தரப்போவுது? வெள்ளிக்கிழமைக்குள்ள ஆறு தறிக்குச் சட்டம் தரலன்னா பட்டறைய மூட வேண்டியதுதான்.”

“கழட்டி, புருஷனுக்கு ஒண்ணு ஆயிட்டா?”

“இனிமே ஆக இன்னா இருக்குது ரேணுகா?”

போர்த்தியிருந்த துண்டுக்குள்ளிருந்து வலது கையை அவர் வெளியே எடுத்தார். அதில் கட்டைவிரல் மட்டுமே இருந்தது. மற்ற நான்கையும் மூன்று மாதத்துக்கு முன் இதே ரம்பம் கொண்டுபோயிருந்தது.

“கட்டுனவன் நானே சொல்றேன். கழட்டு.”

அவள் தாலிக்கயிற்றைத் தலைவழியாகக் கழற்றி, அவர் கழுத்தில் போட்டாள்.

“இது வெறுமனே கிடக்கக் கூடாது. சாயங்காலம் வரைக்கும் போட்டுக்கினு இருங்க,” என்றாள்.

அவர் இடது கையால் அதைத் துண்டுக்குள் தள்ளிக்கொண்டார்.

“தள்ளிப் போங்க. ரம்பத்துக்கிட்ட வராதீங்க,” என்று சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டாள்.