சுண்ணாம்புக் கோடு

"ஏலே, இறங்குலே கீழ!"

சொன்னதோடு விடவில்லை. சைக்கிள் ஹாண்டில்பாரைப் பிடித்து ஒரே இழுப்பு. ஆரோக்கியதாஸ் தடுமாறிக் காலை ஊன்றினான். இழுத்தவர் மலைச்சாமி, மரக்கடை முதலாளி. பெரிய தெருவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

சாக்கடை ஓரத்தில் காய்க்காரி சோலையம்மாள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. வடமதுரையிலிருந்து முதல் பஸ்ஸில் அவள் கொண்டுவந்த கத்திரிக்காயெல்லாம் தெருவில் உருண்டு கிடந்தது.

"பொம்பளையை இடிச்சுத் தள்ளிட்டு ஓடுனவன், எந்த மூஞ்சியோடலே திரும்பி வர்றே?"

"நான் இடிக்கலைய்யா. உருட்டிக்கிட்டுத்தான் வந்தேன். ஆத்தா விழுந்து கெடந்தாக. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கூட்டியாரத்தான் ஏறிப் போனேன். பாருங்க, பின்னாடியே வருது."

சேக் பரீதின் குதிரை வண்டி முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. கூடியிருந்தவர்களில் ஒருத்தர்கூட அதைப் பார்க்கவில்லை. 'ஏறிப் போனேன்' என்றதைத்தான் அத்தனை காதும் பிடித்துக்கொண்டன.

ஊருக்கு வெளியே சேரியில் இருக்கும் ஆரோக்கியதாஸின் ஆட்கள் யாரும் பெரிய தெருவில் சைக்கிளில் ஏறிப் போவதில்லை. இந்த முனையில் இறங்கி, அந்த முனை வரை உருட்டி, அப்புறம்தான் ஏற வேண்டும். நாட்டில் சட்டத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. பெரிய தெரு முனைக்கு வந்தால் அதுவும் இறங்கித்தான் போகும்!

"பாத்தீகளா, ஏறிட்டானாம்! அவன் வாயாலேயே சொல்றான்!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார் மலைச்சாமி.

சுவரோரம் சுண்ணாம்பு வாளியோடு நின்ற முனிசிபல் ஓவர்சியர் தங்கமுத்து மெல்ல முன்னால் வந்தார். நடக்கிறவர்கள் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம் என்று மற்ற தெருக்களிலெல்லாம் கோடு இழுத்துவிட்டு, இந்தத் தெருவில் மட்டும் ஒரு வாரமாகக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இதுக்குத்தான் சார், கோட்டைப் போட்டுரலாம்னு அன்னைக்கே..."

"கோடா?" மலைச்சாமி குரலைத் தணித்தார். "கோடு போட்டா, அந்தப் பக்கம் எவன் வேணாலும் ஏறிப் போகலாம்னு ஆயிரும்லய்யா?"

உடனே குரல் மறுபடி தெருவுக்கே கேட்டது. "எனக்கு நடக்குற சனத்தோட உசுருதான் முக்கியம்! ஒரு பொம்பளை நிம்மதியா நடந்து போக முடியலைன்னா என்னய்யா தெரு இது?"

ஆரோக்கியதாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கடை மரமெல்லாம் பாதித் தெருவை அடைத்துக் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு நடுத்தெருவில் நடக்கப்போய்த்தான் சோலையம்மாள் அடிபட்டாள். இவர் நடக்கிறவர்களுக்காக உருகுகிறாராம்!

"போர்டு எழுதும்யா ஓவர்சியர். இந்தத் தெருவுல சைக்கிளை உருட்டிக்கிட்டுத்தான் போகணும். இந்தம்மாவை இடிச்ச சைக்கிளை இப்பவே பூட்டி என் கடையில போடுங்க. ஒரு வருசத்துக்கு வெளியே வரப்படாது!"

"யாரா இருந்தாலும்தானே சார்?"

"எவனா இருந்தாலும்! நான் சொன்னா சொன்னதுதான்."

ரெண்டு பேர் சைக்கிளைப் பிடுங்க வந்தார்கள். ஆரோக்கியதாஸ் விடவில்லை. சைக்கிள் போனால் மில் வேலையும் போச்சு. லேட்டாக வந்தால் சீட்டைக் கிழிப்போம் என்று போன வாரமே சொல்லிவிட்டார்கள். அத்தனை நாளும் குனிந்தே உருட்டிய உருட்டெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தொண்டைக்கு வந்தது.

"தொடாதீக! இத்தனை வருசம் வாயைத் தொறக்காம உருட்டுனேனே, அதுக்கு இதுதான் கூலியா? நான்தான் இடிச்சேன்னு அந்த ஆத்தா சொல்லட்டும். சைக்கிளை நானே தலையில தூக்கியாந்து உங்க கடையில வைக்கிறேன்!"

தெரு முழுக்க சோலையம்மாளைப் பார்த்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலை குனிந்தாள்.

அந்த நேரம் பார்த்து மில்லில் முதல் சங்கு ஊதியது. அடுத்த சங்குக்குள் கேட்டுக்குள் இருக்க வேண்டும். ஆரோக்கியதாஸின் முகம் செத்துப்போயிற்று. ஆனால் பிடியைத் தளர்த்தவில்லை.

சோலையம்மாள் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். முந்தானையை உதறினாள்.

"விடுங்கய்யா அந்தப் பையனை! அம்புட்டுப் பேரு வேடிக்கை பாத்தீக, எனக்கு வண்டி கூட்டியார ஓடுனது அவன் ஒருத்தன்தான். இடிச்சது அவன் இல்லை."

"பின்னே எவன்?"

"உங்க மகன் சின்னவருதான்யா. டைனமோ வச்ச புதுச் சைக்கிள்ல, ரெண்டு கையையும் விட்டுக்கிட்டு வந்தாரு. தெனமும் காய் வாங்குற வீடாச்சேன்னு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன். எவனா இருந்தாலும்னு சொன்னீகளே... அவரு சைக்கிளைப் பூட்டுங்க. அவரையும் உருட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க!"

சைக்கிளைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக நழுவின.

ஓவர்சியர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப... போர்டு எழுதிரலாமா சார்?"

மலைச்சாமிக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறியது. ஓவர்சியர் மேல் பாய்ந்தார்.

"என்னய்யா போர்டு, பொல்லாத போர்டு! கோடே இல்லாத ரோட்டுல பச்சப்புள்ளைக்கு எது எந்தப் பக்கம்னு எப்படிய்யா தெரியும்? ஒரு வாரமா வாளியை வச்சுக்கிட்டு என்னய்யா புடுங்குனீரு? போடும்யா கோட்டை!"