ஏழாவது கேள்வி

"ஒன்பது ஃபாரமும் ஒரே வீட்டுல உக்காந்து போட்டிருக்க. எத்தனை நாளா இந்தப் பித்தலாட்டம், கிறிஸ்டினா?"

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார் பூங்குழலி. ஆம்பூர் வரைபடத்தில், ஒரே சந்தில், ஒன்பது சிவப்புப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன.

செல்போன் வந்தபின் பெண்கள் வாழ்க்கை எப்படி மாறியது என்பது பூங்குழலியின் பதினைந்து வருட ஆராய்ச்சி. வேலூரில் இந்த ஏசி அறையில் அவர் எழுதுவார். ஆம்பூர் வெயிலில் வீடு வீடாகக் கேள்வி கேட்டு, போனிலேயே ஃபாரம் நிரப்பி அனுப்புபவள் கிறிஸ்டினா.

"நான் எங்க போறேன்னு என் போன்ல பாப்பீங்களா மேடம்?"

அவளுக்கு இது புதுச் செய்தி.

"பாக்காம? ஏழாவது கேள்வியப் பாரு. 'உங்கள் போன் வழியாக யாராவது உங்களைக் கண்காணிக்கிறார்களா?' ஒன்பது பேரும் ஆமாவாம். நீயே அடிச்சு விட்டிருக்க."

மேஜையில் வேலைநீக்கக் கடிதம் தயாராக இருந்தது. ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதை நம்பி வந்தவள் கிறிஸ்டினா.

"மொதல்ல வூடு வூடாத்தான் போனேன் மேடம். புருஷன் பக்கத்துலயே நிக்கிறாரு. எல்லாரும் 'இல்ல'ன்னுட்டாங்க."

"அப்புறம்?"

"கையால தைக்கிறதுக்கு ஷூவோட மேல்தோலை மூட்டை மூட்டையா அமிர்தவள்ளி அக்கா வூட்லதான் கம்பெனி ஆளு எறக்குவாரு. வியாழக்கிழமை பொம்பளைங்க எல்லாரும் அத வாங்கிக்க வருவாங்க. ஆம்பளைங்க அங்க வரமாட்டாங்க. போனை வூட்லயே வச்சிட்டு வந்து, தைச்சிக்கினே பேசினாங்க. ரெண்டு பேரு அழுதுட்டாங்க."

பூங்குழலிக்கு முகம் சுண்டியது. கடிதத்தைக் கிழித்துப் போட்டார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலியே மேடம். புள்ளியத்தானே பாத்தீங்க."

"சரி, விடும்மா. பத்து ஃபாரம் வேணுமே. இன்னொண்ணு?"

"நானும் அந்த சந்துதான். எனக்கே போட்டுடறேன்."

நின்றபடியே போனில் நிரப்பினாள். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

லேப்டாப்பில் பத்தாவது புள்ளி விழுந்தது. ஆம்பூரில் இல்லை, வேலூரில், பூங்குழலியின் அறையிலேயே.

திறந்து பார்த்தார். ஏழாவது கேள்விக்கு 'ஆம்' என்றிருந்தது. அதற்குக் கீழே, 'யார்?' என்ற கட்டத்தில்:

'எங்க மேடம்.'