சிங்க் மூலையில் ஒரு கட்டைவிரல்

"அந்த மூலையில மட்டும் பிளேடு வைக்காதீங்க. கிழியாம முழுசா வரணும்."

பிளம்பர் நாகராசு நிமிர்ந்தான். "பூஞ்சை புடிச்ச சிலிக்கான் சார். பிச்சுக் குப்பையில போடுறதுதான. மியூசியத்துலயா வைக்கப் போறீங்க?"

ரகுநாத்தின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

திருமயத்து ஹார்டுவேர் கடையில் சொல்லி வரவழைத்த ஆள். வந்ததும் யாரையும் கேட்காமல் கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர் வால்வை அடைத்துவிட்டு வந்தான். தொழில் தெரிந்தவன்தான் என்று ரகுநாத் நினைத்துக்கொண்டான்.

சமையலறை சிங்க்கைச் சுற்றி வெள்ளையாகப் பூசியிருந்த சிலிக்கான் பசை கறுத்துப்போய், அடியில் நீர் கசிந்துகொண்டிருந்தது. மனைவி தேவிப்ரியா இறந்துபோய் நாற்பது நாள். வெள்ளிக்கிழமை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ரகுநாத் துபாய் திரும்ப வேண்டும்.

"இது என் வீட்டுக்காரி பூசுனது," என்றான். "ரெண்டு வருசம் முந்தி போட்டோ எடுத்து அனுப்புனா. அந்த மூலையில அவ கட்டைவிரல் பதிஞ்சிருக்கு பாருங்க. சேலை துணிமணியெல்லாம் பதினாறாம் நாளே எடுத்துக் குடுத்துட்டாங்க. எனக்குன்னு மிச்சம் இது ஒண்ணுதான்."

நாகராசு குனிந்து அந்த மூலையையே பார்த்தான். "அவங்களேவா பூசுனாங்க?"

"வேற யாரு? நான் ஊர்ல இல்லாதப்ப ஆம்பளை ஆளுக யாரும் வாசப்படி ஏறக் கூடாதுன்னு சொல்லிருந்தேன். நாலு வருசத்துல ஒரு நாள்கூட அந்தச் சொல்லை மீறல. பல்பு மாத்துறது, குழாய்க்கு வாஷர் போடுறது எல்லாம் அவதான்." ரகுநாத் சிங்க் ஓரத்தைத் தடவினான். "கடைசியில மோட்டாரையும் அவளே பிரிச்சா. கரண்ட் அடிச்சிருச்சு."

நாகராசு பையிலிருந்த துணியைக் கிழித்துக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டான். சுவரோரமாக ஒரு முறை, சிங்க் ஓரமாக ஒரு முறை பிளேடை ஓட்டினான். மூலைக்கு வந்ததும் பிளேடைக் கீழே வைத்துவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியால் வீங்கின காலுக்குக் கொடுப்பதுபோல ஒத்தடம் கொடுத்தான். முக்கால் மணி நேரம் போனது. மூலைத்துண்டு கிழியாமல் எழும்பி வந்தது.

ரகுநாத் அதை இரண்டு கையாலும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். ரேகைச் சுழி அப்படியே இருந்தது. அதற்குக் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. சிலிக்கானில் விழுந்த வெடிப்பு என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தான். தடவிப் பார்த்தால் வெடிப்பு இல்லை.

"வாரேன் சார்," என்று நாகராசு பையை எடுத்தான். ஈரத்தில் இளகியிருந்த கட்டுத்துணி நழுவிக் கீழே விழுந்தது. அவன் கட்டைவிரலில் குறுக்கே, சாய்வாக, பழைய வெட்டுத்தழும்பு.

ரகுநாத் விரலைப் பார்த்தான். கையிலிருந்ததைப் பார்த்தான்.

"ஒரே ஒரு தடவைதான் சார் உள்ள வந்தேன்," என்றான் நாகராசு. "ஒங்களுக்குத் தெரிஞ்சா கோவிப்பீகன்னு, தானே பூசுனதாச் சொல்லிக்கிறேன்னுச்சு அக்கா."

வாசல்வரை போனவன் திரும்பாமலே சொன்னான்.

"மோட்டாருக்கும் கூப்புட்டுச்சு சார், வந்தேன். நீங்க வீடியோ கால்ல வர்ற நேரம்னு, வாசலோட திருப்பி அனுப்பிருச்சு."