பச்சைப் பொட்டு

கல்யாணமாகி நாலாம் நாள், தேனிலவு விடுதியின் குளியலறையைப் பார்த்துத் தமயந்தி கூசிப்போனாள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஷவருக்கு எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. குளிக்குமுன் வழக்கம்போல நெற்றியிலிருந்த சிவப்புப் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டப் போனாள். அவள் நெற்றி உயரத்தில் ஏற்கெனவே ஒரு பச்சைப் பொட்டு இருந்தது. நகத்தால் சுரண்டினாள்.

“ஏங்க, இங்க யாரோ பொட்டை ஒட்டிட்டுப் போயிருக்காங்க.”

“நமக்கு முன்னாடி வந்த புதுப்பொண்ணா இருக்கும்,” என்று அறையிலிருந்து சிரித்தான் கணவன் கதிரேசன். “பிச்சுப் போடேன்.”

“பிக்க வரலைங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கு.”

துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் ஓரமாக நகர்ந்தாள். பொட்டும் கூடவே நகர்ந்தது.